வெளியூர் மாணவனின் சோறு

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இந்த வருஷ மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாங்க. நீங்க வரலாறு படிச்சவரு, வாத்தியாரா இருந்து ரிட்டயரானவரு. உங்களைவிட்டா யாரு?" என்றார். பாளையக்காரர் வரலாறு, சுலோசன முதலியார் பாலம், நெல்லையப்பர் கோயில் எல்லாம் பழைய மலர்களில் பலமுறை வந்துவிட்டன. யோசித்துப் பார்த்தேன். நாம் பழைய மாணவர்கள் ஒன்றுகூடும்போது முதலில் எதைப் பேசுகிறோம்? பாடத்தையா? இல்லை. மெஸ் சாம்பாரைத்தான் பேசுகிறோம். "அந்தக் காலத்துல அந்தச் சாம்பாருல குளிக்கலாம்டே" என்று ஒருவர் ஆரம்பித்தால், கூட்டம் கலைய ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே சோற்றின் வரலாற்றையே எழுதுவது என்று முடிவு செய்தேன். வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன் குறைந்த காசில் எப்படிச் சாப்பிட்டான் என்பதும் வரலாறுதானே!

கரிசல் காட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு

என் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். 1986இல் மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். ஆனால் ஆற்றங்கரைக்காரர்களுக்கும் எங்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் ஊரில் கம்பு, சோளம், பருத்தி. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும், இல்லாவிட்டால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்.

1970இல் பி.யு.சி. படிக்கப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். தகர டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கிய எனக்கு இந்தத் தாமிரபரணிப் பூமி ஓர் அதிசயமாக இருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. மற்றவை அதற்கு முந்தியவை. கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டு போகம் நெல். விடுதியில் காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. முதல் வாரம் நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துவிட்டுப் பரிமாறுகிற அண்ணாச்சி, "மெதுவாத் தின்னுடே, சோறு எங்கயும் ஓடிப் போவாது" என்றார்.

சோறு ஓடிப் போகாது என்று அவர் சொன்னது முழு உண்மையில்லை என்பது மூன்று வருஷம் கழித்துத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், நமக்கு முந்திப் படித்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்க்கலாம்.

ஏழு வீட்டுச் சாப்பாடு

விடுதிகள் பெருகாத காலத்தில் வெளியூர்ப் பையனுக்கு இருந்த வழிகள் கொஞ்சம்தான். உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிப்பது ஒன்று. அங்கே தண்ணீர் எடுத்து, கடைக்குப் போய்வந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் அந்தச் சோற்றைத் தின்ன வேண்டும். கடையில் கணக்கு எழுதிக்கொண்டு அங்கேயே படுத்துக்கொள்வது இன்னொன்று. மிஷன் பள்ளிகளின் போர்டிங் மூன்றாவது.

அக்கிரகாரங்களில் 'வாரச் சாப்பாடு' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஏழைப் பிராமணப் பையனுக்கு ஏழு வீட்டார் ஆளுக்கு ஒருநாள் சோறு போட ஒத்துக்கொள்வார்கள். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. இப்படிப் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போனவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. காசு செலவில்லாத சாப்பாடுதான். ஆனால் தினம் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே இருந்து எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் பையனின் மனசை நினைத்துப் பாருங்கள். அந்தக் காத்திருப்புத்தான் அவன் கொடுத்த விலை. அதோடு, இந்தக் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை. யார் வீட்டில் யார் கை நனைக்கலாம் என்பதைப் பசி தீர்மானிக்கவில்லை, பிறப்புத் தீர்மானித்தது.

எங்கள் வட்டாரத்துப் பையன் ஒருவன் 1894இல் எட்டயபுரத்திலிருந்து நெல்லைக்கு வந்து, இந்துக் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தான். தகப்பனார் சின்னசாமி ஐயர் பஞ்சாலைத் தொழிலில் இறங்கி நொடித்துப்போனவர். 1897இல், பதினான்கு வயதில், மேலே படிக்கப் பொருளுதவி கேட்டு அந்தப் பையன் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளில் ஒரு விண்ணப்பம் எழுதினான். அந்தப் பையன்தான் மகாகவி பாரதியார். பிற்காலத்தில் யாருக்கும் தலைவணங்காத அந்தக் கவிஞர், படிப்புக்காக உதவி கேட்டு எழுத வேண்டியிருந்தது. வெளியூர் மாணவனின் நிலைமை அப்படி. எங்கள் அப்பாவும் பருத்தியை நம்பியவர் என்பதால், வகுப்பில் இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சேரன்மகாதேவியில் இரண்டு பந்தி

இந்த ஆற்றங்கரையில் ஒரு மாணவர் விடுதியின் சாப்பாட்டுப் பந்தி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. இன்றைய மாணவச் செல்வங்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கினார். பிறகு அது சேரன்மகாதேவிக்கு மாறியது. வெள்ளைக்காரன் படிப்புக்குப் பதிலாக நம்முடைய படிப்பு, அதோடு கைத்தொழில், உடற்பயிற்சி என்பது திட்டம். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒத்துக்கொண்டு, முதலில் ஐயாயிரம் கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள்.

அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே சாப்பாடு நடந்தது. பெற்றோர்கள் அந்த நிபந்தனையோடுதான் சேர்த்தார்கள், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயரின் விளக்கம். இந்தச் செய்தி வெளியே வந்ததும் கொந்தளிப்பு உண்டாயிற்று. பின்னாளில் சென்னை மாகாண முதலமைச்சரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்ததாகவும், அவர் மூலமாகத்தான் விஷயம் பெரியாருக்குத் தெரிந்தது என்றும் சொல்வார்கள். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் இரண்டு பந்தி எப்படி இருக்கலாம் என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், காங்கிரஸ் செயலாளராக இருந்த ஈ.வெ.ரா.வும் கேட்டார்கள். மீதி ஐயாயிரத்தைக் கொடுக்க ஈ.வெ.ரா. மறுத்துவிட்டார்.

வழக்குக் காந்தியடிகள் வரை போனது. இப்போது இருக்கிற இருவரும் தனியே சாப்பிடட்டும், இனிமேல் சேர்கிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று ஒரு சமரசம் சொன்னார். அது எடுபடவில்லை. 1925 ஏப்ரலில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய்த் தாமும் இறந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்குக் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் என்றாலும், சேரன்மகாதேவியில் விழுந்த விரிசல் அதற்கு முந்தியது.

ஐயர் சாதி பேதம் பாராட்டுகிறவர் அல்லர் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் நல்ல மனிதர் நடத்தும் விடுதியிலும், நல்ல காரணம் சொல்லியும், ஒரு பிள்ளையைத் தனியே உட்கார வைத்தால் மற்றப் பிள்ளையின் நெஞ்சில் முள் தைக்கத்தான் செய்யும். சோறு எல்லாருக்கும் கிடைத்தது. அங்கே கேள்வி சோற்றைப் பற்றியதே அல்ல, உட்காரும் இடத்தைப் பற்றியது. பணம் பெரிதா மானம் பெரிதா என்று யாராவது கேட்டால், என் மாணவர்களுக்கு நான் சேரன்மகாதேவியைத்தான் எடுத்துச் சொல்வேன்.

ஓர் அணாவில் தொடங்கியது

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி, சோற்றைத் தர்மமாகப் போடாமல் உரிமையாகப் போடுவது. சென்னை மாநகராட்சி 1920இல், தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிடக்கூடாது என்று அன்றைய அரசு சொன்னதால் 1925இல் அது நின்றுபோயிற்று. அந்த 1925ஆம் வருஷம் மாணவர் சோற்றுக்கு ஆகாத வருஷம் போலும்.

பிறகு 1956இல் காமராஜர், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, பள்ளி மதிய உணவுத் திட்டத்தைப் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். செய்யுள் எழுதி உதவி கேட்ட பையனின் ஊரிலேயே, கேட்காமல் சோறு போடும் திட்டம் ஆரம்பமானது! நான் 1958இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். ஊரார் கொடுத்த தானியமும் அரசு மானியமும் சேர்ந்து எங்களுக்குச் சோறு. 1961க்குப் பிறகு 'கேர்' நிறுவனத்தின் பால் பவுடரும் மஞ்சள் மாவும் வந்தன. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனை இன்றும் மூக்கில் இருக்கிறது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மணி அடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருவோம். என் தலைமுறையில் கரிசல் காட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முக்கால்வாசிப் பேர் அந்த வரிசையிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான்.

எங்கள் மெஸ் கணக்கு

இனி நம் விடுதிக்கு வருவோம். பெஞ்சு நீளமானது, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். இதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். இதற்காக ஒரு காலத்தில் எவ்வளவு சண்டை நடந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மெஸ் நடந்தது 'டிவைடிங் சிஸ்டத்தில்'. லாபம் கிடையாது, மாதச் செலவைப் பங்கு போடுவதுதான். இன்றைய மாணவர்களுக்குப் புரிய ஓர் உதாரணம்: 200 பேர் 30 நாள் சாப்பிட்டால் 6,000 சாப்பாட்டு நாள். அரிசி, பருப்பு, விறகு, சமையல்காரர் சம்பளம் எல்லாம் சேர்ந்து 12,000 ரூபாய் என்றால், நாளொன்றுக்கு 2 ரூபாய், ஆளுக்கு மாதம் 60 ரூபாய். ஊருக்குப் போகிறவர் முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களுக்குக் கழிவு உண்டு.

நியாயமான கணக்காகத்தான் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் இருந்தது. அம்பாசமுத்திரம், தென்காசி, நாங்குநேரிப் பக்கத்துப் பையன்கள் சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுவார்கள். விறகும் சம்பளமும் குறையாது, வகுக்கிற எண் மட்டும் குறையும். ஆக, பஸ்ஸுக்குக் காசில்லாமல் விடுதியிலேயே கிடக்கிற பையனுக்கு நாள் கணக்கு ஏறும். இதை நான் இரண்டாம் வருஷம் மெஸ் கமிட்டியில் இருந்தபோதுதான் கண்டுபிடித்தேன். சொன்னபோது செயலாளராக இருந்த சீனியர், "ஏல, கணக்குப் பாடம் எடுத்திருக்கணும்ல நீ" என்று சிரித்தார். கணக்கு மாறவில்லை.

மெஸ்ஸுக்கு வெளியே எங்களுக்கு ஒரு தனிக் காலண்டர் இருந்தது. சுற்றுவட்டாரச் சபைகளில் 'அசனம்' எந்தத் தேதி என்பது கிறிஸ்தவ நண்பர்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஊர் கூடிச் சமைத்து, சாதி மதம் கேட்காமல் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கறிச்சோறு போடும் விருந்து அது. கோயில் கொடை என்றால் படைப்புச் சோறு. ரம்ஜான் மாதம் மேலப்பாளையத்தில் நோன்புக் கஞ்சி. தூக்குவாளியோடு போய் நின்றால், "எந்த ஊருடா நீ" என்று கேட்பதற்கு முன் அகப்பையால் ஊற்றிவிடுவார்கள். ராத்திரிப் பசிக்குப் பரோட்டாக் கடை. பரோட்டா இரண்டு, சால்னா நாலு தடவை. கடைக்காரர் முறைத்தால், "அண்ணாச்சி, சால்னா பிரமாதம்" என்று சொல்ல ஒரு பையனைத் தயாராக வைத்திருப்போம். அம்பைப் பையன்கள் திங்கட்கிழமை காலை செங்கோட்டை பாசஞ்சரில் வந்து இறங்கும்போது கொண்டுவரும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வகுப்புக்கு முன்னாலேயே காலியாகிவிடும்.

அந்த ஐப்பசி

இப்போது, சொல்லாமல் விட்ட கதை. ஐம்பது வருஷமாக இதை நான் எந்தச் சந்திப்பிலும் பேசியதில்லை.

1972இல் மழை பொய்த்தது. அதற்கடுத்த வருஷம் நாடெங்கும் விலைவாசி ஏறியது. எங்கள் மெஸ் பில்லும் மாதத்துக்கு மாதம் ஏறிற்று. ஊரில் பருத்தி கைவிட்டுவிட்டது. அப்பாவிடமிருந்து மணியார்டர் வரவில்லை. 'கொஞ்சம் பொறுத்துக்கொள், பார்க்கலாம்' என்று ஒரு கார்டு மட்டும் வந்தது. 1973 அக்டோபரில் என் பெயர் இரண்டு மாத பாக்கியோடு நோட்டீஸ் போர்டில் ஏறியது. விதிப்படி மெஸ் கட். யாரையும் குறை சொல்லவில்லை. பங்கு போடும் மெஸ்ஸில் ஒருவன் கொடுக்காவிட்டால் மற்றவன் தலையில்தான் விழும். விதியைப் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர்.

ஆனால் அந்தப் போர்டு இருந்தது சாப்பாட்டுக் கூடத்து வாசலில். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதைப் படித்துவிட்டுத்தான் போவார்கள். மணி அடித்ததும் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். நண்பர்கள் கேட்டால், "வயிறு சரியில்லை மக்கா." பத்து நாள் வயிறு சரியில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர்களும் நம்பவில்லை, நானும் நம்ப வைக்கவில்லை. ஒருவன் தன் தட்டுச் சோற்றில் பாதியை அறைக்குக் கொண்டுவந்தான். அவன் மேல் எரிந்து விழுந்தேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது. அந்த மாதம் ரம்ஜான் மாதமாக அமைந்தது கடவுள் செயல். மாலையில் கஞ்சிக்குப் போவேன். அங்கே போர்டு இல்லை.

காலையில் என்னைக் காப்பாற்றியவர் ஓர் ஆச்சி. கல்லூரிக்குப் பின்புறத் தெருவில் வீட்டுத் திண்ணையிலேயே இட்லிக் கடை வைத்திருந்தார். கணக்கு எழுதத் தெரியாது, சுவரில் கரிக்கோடு போடுவார். ஒரு கோடு நாலு இட்லி. முதல்நாள் நான் தயங்கி நின்றபோது, "என்னய்யா, துட்டு இல்லையா?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "துட்டு எங்க போவுது? படிச்சு வேலைக்குப் போயிட்டுக் குடு. இப்பம் தின்னு" என்று இலையைப் போட்டார். வேறு யாராவது வந்தால், "என் பேரன்" என்பார். அந்த ஒரு சொல்லால் அது கடன் சாப்பாடு என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

டிசம்பரில் அப்பா கம்மலை விற்றுப் பணம் கொண்டுவந்து பாக்கியைக் கட்டினார். அம்மாவின் கம்மல். படிப்பு முடிந்து, பி.எட். முடித்து, வேலை கிடைத்து, முதல் சம்பளத்தோடு ஆச்சியைப் பார்க்கப் போனேன். சுவரில் கோடு ஒன்றும் இல்லை. "பொங்கலுக்கு வெள்ளை அடிச்சாச்சு, கணக்கு போச்சுய்யா" என்றார். "உட்காரு, இட்லி சூடா இருக்கு." அன்றைக்கும் காசு வாங்கவில்லை.

இன்றைக்கு

இன்று நிலைமை எவ்வளவோ மேல். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார், பிறகு அது பத்தாம் வகுப்பு வரை வந்தது. கோயில்களில் 2002இல் அன்னதானத் திட்டம் வந்தது. 2013இல் நெல்லை மாநகராட்சியிலும் அம்மா உணவகங்கள் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய். 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டு மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வருகிற பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்கள் வந்தன. மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒரு வரலாற்று வாத்தியாராக ஒன்றைக் கவனிக்கிறேன். பள்ளிப் பிள்ளைக்கு வரிசையில் உட்கார்ந்தால் தட்டில் சோறு வருகிறது. கல்லூரிக்கு வந்ததும் அந்த வரிசை முடிந்துவிடுகிறது. ஆயிரம் ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கு போட்டால் நாளொன்றுக்கு 33 ரூபாய் சொச்சம். அதில் பஸ்ஸும் நோட்டும் போக, மூன்று வேளைக்கு என்ன மிஞ்சும்? காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு முதல் மணி வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளை நம் கல்லூரியில் இன்றும் இருக்கிறான். கேட்டால் "டயட் சார்" என்பான். நான் "வயிறு சரியில்லை" என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நம் சங்கத்துக்கு என் தாழ்மையான வேண்டுகோள். மெஸ் பாக்கிக்கென்று ஒரு தனி நிதி வையுங்கள். என் பங்காக ஒரு மாத ஓய்வூதியத்தை இந்தச் சந்திப்பிலேயே கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. மேடையில் கூப்பிட்டு, மாலை போட்டு, செக்கைக் கொடுத்துப் போட்டோ எடுக்க வேண்டாம். பெயர்ப் பட்டியல் எந்தப் போர்டிலும் ஏற வேண்டாம். விடுதி அலுவலகத்துக்கும் சங்கப் பொருளாளருக்கும் தெரிந்தால் போதும். பாக்கி கட்டப்பட்டது என்ற சீட்டு மட்டும் அந்தப் பிள்ளையின் கைக்குப் போகட்டும். மணி அடிக்கும்போது அவன் மற்றவர்களோடு சேர்ந்து, தலை நிமிர்ந்து கூடத்துக்குள் போகட்டும்.

இன்றைய மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து இலை காலியாக இருந்தால், ஏன் காலியாக இருக்கிறது என்று ஒருதடவை யோசியுங்கள். கேள்வி கேட்காதீர்கள். "வாடே, சாப்பிடப் போவோம்" என்று மட்டும் கூப்பிடுங்கள். ஆச்சி எனக்குச் செய்தது அவ்வளவுதான்.

அந்தத் திண்ணை இப்போது இல்லை. இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். ஆச்சியும் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. நான் கட்டாத கரிக்கோடுகள் இன்னும் பாக்கி. அவற்றை இந்த நிதியில் வரவு வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்புச் சிறக்க வாழ்த்துகிறேன். எல்லாரும் வாருங்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.